கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்ட பி.டி. பீரியட்

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலின்போதுதான் அம்மாக்கள் கண்ணில் அது படும். பையனின் பின்கழுத்தில் கறுப்பாக, கொஞ்சம் தடிப்பாக, வெல்வெட் துணியைத் தொடுவதுபோல ஒரு பட்டை. அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்ப்பார்கள். போகாது. அடுத்த வாரம் பீர்க்கங்காய் நாரை எடுப்பார்கள். தோல் எரியும், பையன் கத்துவான், கறுப்பு அப்படியே இருக்கும். ‘ஒழுங்கா சோப்பு போட்டுக் குளிக்கிறதே இல்ல’ என்று திட்டு வேறு விழும்.

அது அழுக்கில்லை. அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று மருத்துவம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. உடலுக்குள் இன்சுலின் படும் பாட்டைத் தோல் வெளியே எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசை, கல்லீரல், கொழுப்புத் திசு ஆகியவற்றின் கதவைத் தட்டிச் சர்க்கரையை ஒப்படைப்பது இன்சுலினின் வேலை. தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு சேரச் சேர அந்தக் கதவு லேசில் திறப்பதில்லை. கணையம் விட்டுவிடாது; வழக்கமான அளவு போதாதபோது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினை அனுப்பும். அதனால் ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும், பரிசோதனைச் சீட்டிலும் ‘நார்மல்’ என்றே வரும். ஆனால் ரத்தத்தில் மிதக்கும் அந்த உபரி இன்சுலின் தோலின் செல்களையும் உசுப்பிவிடுகிறது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் அவை மளமளவென்று பெருகித் தடித்துக் கறுக்கின்றன. கழுத்து கறுத்த எல்லாக் குழந்தைக்கும் நாளை சர்க்கரை நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. கணையம் அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடையாளம் இது. தேய்த்துப் போக்க வேண்டியது இல்லை.

ஒரு தலைமுறைக்கு முன்னால் நாற்பது வயதுக்காரர்களிடம் எதிர்பார்த்த இந்த அடையாளத்தை இன்று நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்க்க முடிகிறது. அந்தப் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பள்ளியில் கழிகிறது. ஆகவே பள்ளியால் இதில் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி உலகம் முழுவதும் எழுந்தது. பல நாடுகள் செய்துபார்த்தன. சில திட்டங்கள் பலித்தன, சில பலிக்கவில்லை, ஒன்றிரண்டு திட்டங்கள் பிள்ளைகளைக் காயப்படுத்தின.

மேடவாக்கத்தில் இருந்து தொடங்குவது பொருத்தம். சென்னையின் தெற்குப் புறநகரில், வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் உள்ள ஊர். ஏரிகளை நம்பி இருந்த ஊர், நெடுங்காலம் கிராம ஊராட்சியாகவே கணக்கில் இருந்தது. சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் எழுந்த பிறகு, இருபது ஆண்டுகளுக்குள் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடிவிட்டன. 2022-ல் வேளச்சேரி – தாம்பரம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் நீள மேம்பாலமும் வந்தாயிற்று. பாலத்துக்குக் கீழே கூட்ரோடு சந்திப்பில் காலை ஏழரை மணிக்கு நின்றால் மஞ்சள் வேன்கள் வரிசை கட்டுவதைப் பார்க்கலாம். உள்ளே தூக்கம் கலையாத பிள்ளைகள். பள்ளி ஒரு கிலோமீட்டரில் இருந்தாலும் வேன்தான், ஏனென்றால் நடைபாதை இல்லாத சாலையில் தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே எந்தத் தாயும் பிள்ளையை நடக்க விடமாட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

மாலை நாலரைக்கு வேன் திரும்பும். ஐந்தரைக்கு டியூஷன், இல்லாவிட்டால் ஹிந்தி கிளாஸ். நடுவில் உள்ள ஒரு மணி நேரத்தில் ஒரு எக் பப்ஸ், ஒரு பாக்கெட் சிப்ஸ், ஒரு செல்போன். குடியிருப்பின் கீழ்த்தளம் முழுக்க கார் நிற்கிறது. தூணில் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை தொங்குகிறது. இதில் எந்த இடத்திலும் ‘சோம்பேறிப் பிள்ளை’ என்று ஒருவர் இல்லை. ஓடுவதற்கான இடமும் நேரமும் பிள்ளையைச் சுற்றிலும் ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டன.

சென்னையில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட கணக்கில், ஆண் பிள்ளைகளில் 17.8 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 15.8 சதவீதமும் அதிக எடையோடு இருந்தார்கள். அடுத்து, மருத்துவர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை ‘ஆரஞ்ச்’ என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. நகரத்தின் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரை ஏறத்தாழ 19 ஆயிரம் பிள்ளைகளை எடை போட்டு உயரம் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த முடிவில் இரண்டு எண்கள் முக்கியம். சர்வதேச அளவுகோலின்படி தனியார் பள்ளிகளில் அதிக எடையும் பருமனும் சேர்ந்து 21.4 சதவீதம்; அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம்.

மேடவாக்கத்தில் இந்த இரண்டு எண்களும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. பத்தாவது மாடியில் ஒன்று, அந்தக் கட்டடத்தின் காவலாளி வீட்டில் இன்னொன்று.

அப்படியானால் இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று அரசுப் பள்ளியை ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதற்குப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் ஒரு புகைப்படத்தைக் காரணமாகக் காட்டுவார். 2004-ல் லான்செட் இதழில் வந்த அந்தப் படத்தில் அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு, ஒரே 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லிதான். ஆனால் உடற்கொழுப்பை அளந்தால் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய உடல் தசையைக் குறைவாகவும் கொழுப்பை அதிகமாகவும் வைத்துக்கொள்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது என்று யாஜ்னிக்கின் ஆய்வுகள் சொல்லின. ஒல்லியாகப் பிறந்து, ஒல்லியாக வளர்ந்து, வீட்டில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கியதும் பாக்கெட் தின்பண்டத்துக்கு மாறுகிற பிள்ளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய பிள்ளை. குண்டாகத் தெரிபவர்களை மட்டும் தேடிப் பிடிக்கும் எந்தத் திட்டமும் இவர்களைத் தவறவிடும்.

பள்ளியும் சாப்பாடும் என்று பேச்சு எடுத்தால் தமிழ்நாடு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. 1920-ல் பி. தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 1956-ல் காமராசர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது, 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. பிள்ளையின் வயிற்றுக்கு அரசே பொறுப்பு என்று நூறு வருடமாக நம்பிவரும் மாநிலம் இது. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் பசித்த பிள்ளையை மனதில் வைத்துப் போடப்பட்டது. பசியும் பருமனும் ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்காரும் காலத்துக்கு அதே அடுப்பும் அதே பள்ளியும் இன்னொரு வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது. யூனிசெஃப் 2025-ல் சொன்ன கணக்கின்படி, உலகம் முழுக்க 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் பருமனானவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். வரலாற்றில் முதல் முறையாகப் பருமன் முந்திக்கொண்டது.

முதலில், எதைச் செய்யக் கூடாது என்பதைச் சிங்கப்பூரிடம் தெரிந்துகொள்ளலாம். தமிழ்ப் பிள்ளைகளும் படித்த பள்ளிகள்தான் அவை. 1992-ல் அந்நாட்டின் கல்வி அமைச்சகம் ‘டிரிம் அண்டு ஃபிட்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக ‘டாஃப்’ என்பார்கள். எல்லாப் பிள்ளைகளையும் எடை பார்த்து, கூடுதலாக இருந்தவர்களைத் தனியே பிரித்து ஒரு குழுவில் போட்டார்கள். மற்ற பிள்ளைகள் இடைவேளையில் வரிசையில் நின்று நூடுல்ஸ் வாங்கும்போது இவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். சில பள்ளிகளில் கேன்டீனில் இவர்கள் எதை வாங்குகிறார்கள் என்பதும் கண்காணிக்கப்பட்டது. நன்றாகச் செய்த பள்ளிகளுக்கு விருது உண்டு. எடை கூடிய பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்குப் பெருமை. அப்படியென்றால் குறையாத பிள்ளை பள்ளிக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எண் குறைந்தது, மறைக்கக் கூடாது. 2006-ல் பருமன் 9.5 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தின் மூன்று எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ‘குண்டு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கேலியும் ஒதுக்கலும் தாங்காமல் தவித்த பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் பேசத் தொடங்கினார்கள். உணவையே வெறுக்கும் நோய்களோடு இதற்குத் தொடர்பு இருக்குமோ என்று மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். 2007-ல் அமைச்சகமே அதைக் கைவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஆரோக்கியத் திட்டத்துக்கு மாறியது. பிற்பாடு எடை மறுபடி ஏறியது என்பதும் உண்மை. அதைக் காட்டி, ‘பார், கண்டிப்பு இருந்தவரை சரியாக இருந்தது’ என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை ஏற்க முடியாது. பதினைந்து வருடம் கண்டிப்பு காட்டியும், கண்டிப்பு விலகியதும் திரும்பி வருகிற மாற்றம், பிள்ளைக்குள் எதையும் விதைக்கவில்லை என்றுதான் பொருள்.

கலிபோர்னியாவில் இன்னும் மென்மையாக முயன்றார்கள். பிள்ளையின் பி.எம்.ஐ. எவ்வளவு என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்புவது மட்டும்தான் திட்டம். 79 பள்ளிகளில் ஏறத்தாழ 29 ஆயிரம் பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், கடிதம் வந்த வீட்டுப் பிள்ளைகளின் எடையில் எந்த மாற்றமும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடல் மீதான அதிருப்திதான் கூடியது.

நம் ஊரில் கடிதம்கூட வேண்டாம். ‘குண்டூஸ்’, ‘பூசணிக்கா’ என்று ஆசையாகவும் கேலியாகவும் ஒரே மூச்சில் கூப்பிடுகிற உறவுக்காரர்கள் போதும். இரண்டு வயதில் ‘கொழுகொழுன்னு இருக்கான்’ என்று திருஷ்டி சுற்றிப் போட்ட அதே பாட்டி, பத்து வயதில் ‘கொஞ்சம் சோத்தைக் குறைடா’ என்கிறாள். பிள்ளைக்கு இடையில் என்ன நடந்தது என்று புரிவதில்லை. கேலிக்கு ஆளான பிள்ளை முதலில் விடுவது விளையாட்டைத்தான். பனியன் போட்டு எல்லார் முன்னாலும் ஓட வேண்டிய இடம் அதுதானே.

வளரும் பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் கணக்கு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 140 சென்டிமீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ள பத்து வயதுப் பையனின் பி.எம்.ஐ. ஏறத்தாழ 23. பெரியவர்களுக்கே ஆசியக் கணக்கில் அதுதான் எல்லைக் கோடு. பத்து வயதுக்கு அது மிக அதிகம். ஆனால் அவன் ஒரு கிலோகூடக் குறைக்க வேண்டாம். இரண்டு வருடத்தில் 152 சென்டிமீட்டருக்கு வளர்ந்து எடை அங்கேயே நின்றால், குறியீடு 19.5-க்கு வந்துவிடும். உயரம் அவன் பக்கம் நின்று வேலை செய்கிறது. பட்டினி போட்டால் அந்த உயரத்துக்கே உலை வைத்ததாகும்.

அப்படியானால் பள்ளி எதைப் பிடிக்க வேண்டும்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அகஸ்டா நகரம். கேத்தரின் டேவிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 7 முதல் 11 வயது வரையிலான, எடை கூடிய, அதிகம் ஓடியாடாத 222 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பள்ளி விட்டதும் பேருந்து வந்து ஏற்றிச் செல்லும். ஒரு குழுவுக்குத் தினம் 20 நிமிட விளையாட்டு, இன்னொன்றுக்கு 40 நிமிடம், மூன்றாவது குழு வழக்கம்போல. ஏறத்தாழ 13 வாரம். என்ன விளையாட்டு? ஸ்கிப்பிங், ஓடிப்பிடித்தல், விதிகளை இளக்கிய கூடைப்பந்து. யார் ஜெயித்தார்கள் என்ற பேச்சே கிடையாது. மார்பில் கட்டிய கருவி இதயத் துடிப்பைக் காட்டும்; நிமிடத்துக்கு 150-க்கு மேல் இருந்தால் சரி. வேகமாக ஓடும் பிள்ளைக்கும் குண்டுப் பிள்ளைக்கும் அதில் பேதமில்லை. கனமான உடலைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஓடினாலே துடிப்பு 150-ஐத் தாண்டிவிடும். மெதுவாக ஓடுகிற பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்குகிற ஒரே மைதானம் அது.

2012-ல் முடிவு வந்தது. விளையாடிய இரண்டு குழுக்களிலும் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது, உடல்தகுதி கூடியது. நாளுக்கு 20 நிமிடமே போதுமானதாக இருந்தது, 40 நிமிடம் ஆடியவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்.

இதன் பின்னால் உள்ள உடலியல் அழகானது. இன்சுலின் தட்டினால்தான் தசையின் கதவு திறக்கும் என்று சொன்னோம். ஓடும் தசைக்கு அந்தத் தட்டல் வேண்டாம். தசை சுருங்கி விரியும்போது, செல்லுக்குள் சுருண்டு கிடக்கும் சர்க்கரை வாயில்கள் தாமாகவே மேற்பரப்புக்கு எழுந்து வருகின்றன. கணையத்துக்கு ஓய்வு. ஓடி முடித்த பிறகும் அந்தத் தசை ஒன்றிரண்டு நாளைக்கு இன்சுலினின் சின்னத் தட்டலுக்கே திறந்துகொடுக்கும். அதற்குப் பிறகு பழைய கதைதான். ஆகவேதான் ஆண்டுவிழா ஓட்டப்பந்தயமும் கோடைக்கால முகாமும் போதாது. விளையாட்டு தினசரி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம்.

அதே அகஸ்டா திட்டத்தில் இன்னொன்றையும் பார்த்தார்கள். 171 பிள்ளைகளுக்குத் திட்டத்தின் முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். திட்டமிடும் திறனில் விளையாடிய பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள், கணக்கிலும் முன்னேறியிருந்தார்கள். யாரும் அவர்களுக்கு ஒரு வகுப்புக்கூடக் கூடுதலாகக் கணக்கு சொல்லித் தரவில்லை. எவ்வளவு அதிகம் ஆடினார்களோ அவ்வளவு கூடுதல் முன்னேற்றம்.

மேடவாக்கத்தில் இருந்து மார்த்தாண்டம் வரை எல்லாப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டிய செய்தி இது. தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் நினைவிருக்கும்: வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், அதில் ஒன்றை ‘போர்ஷன் முடியல’ என்று கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். தேர்வு நெருங்கினால் இரண்டும் போகும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அந்த பீரியட் கால அட்டவணையில் மட்டும்தான் இருக்கும். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடைக் கொடுங்கள் என்று ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கணக்கு வாத்தியார் கெட்டவரில்லை. நூற்றுக்கு நூறு எத்தனை பேர் என்று அவரைக் கேட்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அகஸ்டா கணக்குப்படி, அவர் வாங்கிக்கொண்ட பீரியட் அவருடைய பாடத்துக்கே உதவிக்கொண்டிருந்த பீரியட்.

விளையாட்டு ஒரு பாதி. இன்னொரு பாதி சாப்பாடு. அங்கே ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லின் மேல் நமக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. டெல்லியில் மருத்துவர் அனூப் மிஸ்ராவின் குழு ‘மார்க்’ என்ற திட்டத்தில் வட இந்தியாவின் 15 நகரங்களில் 40 ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளையும் 25 ஆயிரம் பெற்றோரையும் 1,500 ஆசிரியர்களையும் சந்தித்துப் பாடம் எடுத்தது. எது நல்ல உணவு என்ற அறிவு கூடியது. அதைவிட முக்கியமானது அதே குழுவின் சிறிய முயற்சி: பதினோராம் வகுப்பு மாணவர்கள் 201 பேர், ஆறு மாதம், ஒரு பள்ளியில் திட்டம், இன்னொன்றில் இல்லை. வகுப்பு மட்டும் நடத்தாமல் கேன்டீனையும் மாற்றினார்கள், பெற்றோரையும் இழுத்தார்கள். டிபன் பாக்ஸில் பழம் கொண்டுவருவது கூடியது; இடுப்புச் சுற்றளவும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இறங்கின.

பெற்றோரை இழுப்பது என்று எழுதிவிட்டுப் போவது எளிது. யாரை இழுப்பது என்பதில்தான் சூட்சுமம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பகுதியில் 54 பள்ளிகளில் ஒரு பெரிய திட்டம் நடந்தது. தினம் 30 நிமிடம் கூடுதல் விளையாட்டு, ஆஸ்டன் வில்லா கால்பந்துக் குழுவோடு பயிற்சி, பெற்றோருக்குச் சமையல் வகுப்பு. 2018-ல் முடிவு வந்தபோது எடையில் எந்த வித்தியாசமும் இல்லை. அதே பர்மிங்ஹாமின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீனாவின் குவாங்சோவில் 40 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு வேறொரு திட்டத்தைச் செய்தார்கள். அங்கே பலித்தது: குறியீடு இறங்கியது, காய்கறி கூடியது, இனிப்புப் பானம் குறைந்தது. இரண்டுக்கும் இடையே பல வித்தியாசங்கள் உண்டு, ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் குவாங்சோவில் அவர்கள் செய்த ஒரு காரியம் தமிழ்க் குடும்பத்துக்கு உடனே புரியும். தாத்தா பாட்டிகளையும் பள்ளிக்கு அழைத்தார்கள். அப்பா அம்மா வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி விட்டு வரும் பேரனின் கையில் முதல் தின்பண்டத்தை வைப்பவர்கள் அவர்கள்தான்.

மேடவாக்கத்தின் எத்தனையோ ஃபிளாட்டுகளில் நிலைமை அதேதான். ஊரில் இருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பாட்டிக்கு ஊட்டுவது ஒன்றுதான் அன்பைக் காட்ட மிச்சமிருக்கும் வழி. அவளிடம் போய் ‘கலோரி’ என்று பேசினால் மனசு கசந்துபோகும். ‘உங்க காலத்துல சாயங்காலம் என்ன குடுப்பீங்க’ என்று பள்ளி கேட்டால், வேர்க்கடலை, சுண்டல், அவித்த மக்காச்சோளம், கம்புருண்டை என்று பட்டியலே வரும். பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்துக்குப் பாட்டியைக் கூப்பிடுகிற பள்ளி, பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

தண்ணீர் பற்றியும் ஒரு நல்ல செய்தி உண்டு. ஜெர்மனியின் டோர்ட்மண்ட், எஸ்ஸென் நகரங்களில் ஏழை மக்கள் வாழும் பகுதிகளின் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பள்ளிகளில் குடிநீர் ஊற்றுகள் வைத்தார்கள், ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார்கள், தண்ணீரைப் பற்றி நாலு வகுப்பு எடுத்தார்கள். அவ்வளவுதான். பிள்ளைகள் தினம் ஒரு டம்ளர் அதிகமாகக் குடித்தார்கள். ஒரு பள்ளி ஆண்டின் முடிவில் அதிக எடைக்குள் போகும் அபாயம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளின் சராசரி எடையில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் எல்லைக்கோட்டில் நின்ற பிள்ளைகளில் கோட்டைத் தாண்டியவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் 2025-ல் பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ அறிமுகமானபோது பலர் வெயிலையும் நீரிழப்பையும் பற்றி மட்டுமே பேசினார்கள். அந்த மணி இன்னொரு வேலையும் செய்யக்கூடும். ஆனால் மணி அடித்தால் போதாது, தண்ணீர் குடிக்கும்படி இருக்க வேண்டும். கேன் தண்ணீரையும் லாரியையும் நம்பி வாழும் தென்சென்னைப் புறநகரில் அது சின்ன விஷயமில்லை. கழிப்பறையும் சுத்தமாக இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த டீச்சரைக் கேட்டாலும் சொல்வார்.

பள்ளி வாசலுக்கு வெளியே என்ன விற்கலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. உதய் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் இருந்து வளர்ந்த சட்டம் அது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி போட்டது. மேடவாக்கத்தில் எந்தப் பள்ளி வாசலில் நின்று 50 மீட்டர் நடந்தாலும் அந்த விதியைக் கேள்விப்பட்ட கடையைப் பார்ப்பது கடினம். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு இன்னொரு உத்தரவு போனது: எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று ‘சர்க்கரைப் பலகை’ வையுங்கள். நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகளின் அன்றாட ஆற்றலில் 13 சதவீதம் சர்க்கரையில் இருந்து வருகிறது, இருக்க வேண்டியது 5 சதவீதம் என்று அந்தச் சுற்றறிக்கை காரணம் சொன்னது. பலகை நல்லதுதான். ஆனால் பலகையைப் படித்துவிட்டுக் கேன்டீனுக்குத் திரும்பும் பிள்ளைக்கு அங்கே சுண்டலும் மோரும் இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

பெண் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூப்பெய்தியதும் விளையாட்டை விட்டுவிடும் பிள்ளைகள் ஏராளம். விடச் சொல்லும் வீடுகளும் ஏராளம். மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையின் ரஞ்சனி ஹரீஷும் சக ஆய்வாளர்களும் இவர்களை மனதில் வைத்தே ‘தாண்டவ்’ என்ற பத்து நிமிட நடனத்தை உருவாக்கினார்கள். சில நொடிகள் வேகமாக, சில நொடிகள் மெதுவாக என்று மாறி மாறி வரும் அசைவுகள். மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், யார் கண்ணிலும் படவும் வேண்டாம். பெஞ்சை ஒதுக்கிவைத்தால் வகுப்பறையே போதும். தரையே இல்லாமல் மாடி மேல் மாடியாக எழுந்த புறநகர்ப் பள்ளிகளுக்கு இது உகந்தது. கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கத்தோடு ஊர் திரும்பியபோது அந்தப் பகுதியே சாலையில் திரண்டது. அந்தத் திரளில் நின்ற பெண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பதக்கம் கிடைக்காது. தினம் பத்து நிமிடம் வியர்க்கும் உரிமை எல்லாருக்கும் கிடைக்கலாம்.

வீட்டுப் பக்கத்திலும் சென்னைக்கு ஒரு முன்மாதிரி உண்டு. திருமங்கலம் ஏஷியாட் காலனியில் நீரிழிவைப் பற்றி இதே அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் மக்களிடம் தொடர்ந்து பேசிவந்தார்கள். யாரும் சொல்லாமலே குடியிருப்போர் கைக்காசு போட்டு ஒரு பூங்காவைக் கட்டிக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு 14.2 சதவீதம், பின்பு 58.7 சதவீதம். இடம் வந்ததும் கால் நடந்தது. பந்து விளையாடத் தடை போட்ட மேடவாக்கத்துப் பலகைகளை எழுதியவர்களும் இப்படிப்பட்ட குடியிருப்போர் சங்கங்கள்தான்; மாலை ஐந்தில் இருந்து ஆறு வரை அந்தப் பலகையைக் கழற்றிவைக்க அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கடைசியாக, பள்ளி எதை அளப்பது என்ற கேள்வி. எடை மெஷினைப் பிரேயர் மைதானத்தில் வைத்து வரிசையில் நிறுத்தினால் சிங்கப்பூரின் தவறு திரும்பி வரும். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரின் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை இலேன் வைலி, 2012 பிப்ரவரியில் தம் பிள்ளைகள் கொஞ்ச தூரம் ஓடினாலே களைத்துப்போவதைக் கண்டு, எல்லாரையும் சீருடையிலேயே தினம் 15 நிமிடம் ஓடவோ நடக்கவோ வெளியே அனுப்பினார். அது ‘டெய்லி மைல்’ என்று உலகெங்கும் பரவியது. பின்னர் நடந்த ஆய்வில் பிள்ளைகளின் தோலடிக் கொழுப்பின் தடிமன் குறைந்திருந்தது. முக்கியமாக, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓடி ஓடித் திரும்பும் ஷட்டில் ஓட்டத்தில், திட்டம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளைவிட அவர்கள் 39 மீட்டர் அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

நம் பள்ளிகளும் ஜூனில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை இந்த ஷட்டில் தூரத்தை அளந்தால் போதும். ஒவ்வொரு பிள்ளையும் போட்டியிடுவது தன் பழைய தூரத்தோடுதான். குண்டாக இருக்கும் பிள்ளை முதல் மாதங்களில் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறவும் கூடும், ஏனென்றால் அவன் தொடங்கியது கீழே இருந்து. அளப்பதற்கு வேண்டிய விசிலும், இருபது மீட்டர் கயிறும், சுண்ணாம்புப் பொடியும் பி.டி. சாரின் அறையில் ஏற்கெனவே இருக்கின்றன.